இருபத்தேழாம் தேதி, மாலை நான்கு மணி

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சின்னவள் சொன்ன நாளிலிருந்து, "அப்படின்னா மரம் நடறதா?" என்று கேட்டவர்கள் மொத்தம் பதினான்கு பேர். எண்ணி வைத்திருந்தாள். மாமா, மாடி வீட்டு அக்கா, மாடி வீட்டு அக்காவைப் பார்க்க வந்திருந்த யாரோ ஒருவர், தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரர். முதல் நான்கு பேருக்கு அப்படி இல்லை என்று பொறுமையாக விளக்கினாள். ஐந்தாவது ஆளிலிருந்து ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். நேரம் மிச்சமானது.

மாமா மட்டும் ஆமாம் என்றதோடு விடவில்லை.

"நட்டுட்டு?" என்றார்.

"தண்ணி ஊத்துவோம் மாமா."

"அதுக்கு மூணு வருஷமா?"

"நல்லா ஊத்தணும்ல."

"வாய்க்கு மட்டும் ஒரு படிப்பு இருந்தா இவளுக்கு முதல் சீட்டு," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. அம்மாவின் கட்சி கணினி. பெரியவள் கணினிதான் படித்தாள். இப்போது வேறு ஊரில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்கள் திட்டுவதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் திட்டுவதை இலவசமாகக் கேட்டாளே, அதற்கு இது மேல் என்பது அம்மாவின் வாதம்.

மரத்தைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் அப்பா. அந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டாம் என்றார்.

அப்பாவின் வேலை, துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம். முன்பக்கம் அலுவலகம், கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி. நடுவில் சாயத் தொட்டிகள். அவை கக்குகிற தண்ணீரெல்லாம் குழாய் வழியாகப் பின்பக்கம் வரும். அங்கே நான்கு சிமெண்ட் தொட்டிகள், ஒரு மோட்டார், ஒரு நாற்காலி, அதில் அப்பா. வந்த தண்ணீரைச் சுத்தம் செய்து வாய்க்காலில் விட வேண்டும். தொழிற்சாலையில் அவரைத் தண்ணி மாஸ்டர் என்பார்கள். சாயம் கலக்குகிறவர் டையிங் மாஸ்டர் என்றால், அதைப் பிரிக்கிறவருக்கும் ஒரு மாஸ்டர் பட்டம் கொடுத்துவிடலாம், அதற்குச் செலவில்லை. எந்த நிறத்துக்கு அந்த வாரம் ஆர்டர் என்பது அப்பாவின் நகக்கண்களைப் பார்த்தால் தெரியும். இந்த வாரம் கருநீலம்.

"பதினோரு வருஷமா நான் அதுலதான் நிக்கிறேன்," என்றார் அப்பா. உள்ளங்கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பேனா பிடித்தால் வலிக்கும். "நீ படிச்சுட்டு வந்து பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கப் போறியா?"

"அதுக்கில்லப்பா."

"பின்ன?"

அவள் சொல்லவில்லை. சொன்னால் அது அவரைக் குறை சொல்வது போலப் போய்விடும்.

விஷயம் அந்த ரிஜிஸ்டர்.

ஒரு நாளைக்கு நான்கு முறை, காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு, இரவு எட்டு என்று வெளியே போகும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மீட்டரை அதில் விட்டு, பிஎச் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்கிற எண் அது. ஏழு என்றால் இரண்டும் இல்லாத நல்ல பிள்ளை. ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தால் வாய்க்காலில் விடலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றும் சொல்லாது. இதெல்லாம் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது. கீழே தடித்த எழுத்தில்: அடித்தல் திருத்தல் கூடாது.

மீட்டர் செத்து ஒன்பது வருஷமாகிறது. பேட்டரி போட்டால் உயிர் வந்துவிடும் என்றார்கள். ஒரு வருஷம் கழித்துப் பேட்டரி வந்தது. மீட்டரின் வாய்க்குள் அது நுழையவில்லை. மீட்டரை மாற்றுவதா பேட்டரியை மாற்றுவதா என்று அலுவலகத்தில் ஒரு கோப்பு திறந்தார்கள். அது இன்னும் திறந்தே இருக்கிறது. அதுவரைக்கும் ரிஜிஸ்டரை வெறுமனே விட முடியாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து முப்பது நாளுக்கான நூற்றிருபது எண்களையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்கள். முடிப்பார்கள் என்றால், அப்பா சொல்லுவார், சின்னவள் எழுதுவாள். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். நாலாம் வகுப்பில் ஆரம்பித்த வேலை.

அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே எண் மூன்று தடவை தொடர்ந்து வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாதித் தொட்டிகள் ஓடாது, அதனால் எண் ஏழுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வர வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை எட்டு புள்ளி நாலு என்று எழுதிவிட்டு, அடுத்த வேளைக்கு ஏழரைக்கு இறக்க வேண்டும். அப்போதுதான் யாரோ கவனித்துச் சரி செய்த மாதிரி இருக்கும். "எல்லாமே நல்லா இருந்தா எவனும் நம்ப மாட்டான்," என்பார் அப்பா. குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் சில நாள் மழை என்று எழுதுவார்கள். எந்த நாள் மழை என்பதை வானிலை அறிக்கை பார்த்துத் தீர்மானிப்பது சின்னவளின் பொறுப்பு. பத்து வயதில் அவளுக்கு அது பெருமையாக இருந்தது. வகுப்பில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் அவர்களிடம் எதையும் கேட்டதில்லை.

பக்கத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலாளர் எங்கோ கொண்டுபோய் வெற்றுப் பக்கங்களில் கையெழுத்து வாங்கி வருவார். ஒரு கொக்கி, இரண்டு வளையம், நீளமாக ஒரு வால். யாருடையது என்று அப்பாவுக்கும் தெரியாது. யாரோ பெரிய நிபுணர் என்றார். சிறு வயதில் சின்னவள் அதைப் போட்டுப் பழகியிருக்கிறாள். வால் மட்டும் வராது.

வளர வளர அவளுக்குள் ஒரு கேள்வி குடியேறிவிட்டது. பெரிய கேள்வியெல்லாம் இல்லை. பூமி என்னாகும், கடல் என்னாகும் என்றெல்லாம் அவள் கவலைப்பட்டதில்லை. உண்மையில் எவ்வளவு? அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் பத்தாயிரத்துக்கு மேல் எண்கள் எழுதியிருக்கிறாள். அதில் ஒன்றுகூட எங்கிருந்தும் வந்ததில்லை.

நேர்முகத் தேர்வுக்கான கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, உங்கள் பகுதியின் சுற்றுச்சூழல் பற்றிய ஏதேனும் ஒரு தரவு, மூலத்தோடு. இரண்டு, தேர்வானால் வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம். அப்பா கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"போய்ட்டு வா. குடுக்கலன்னா பேச வேண்டியதே இல்ல. குடுத்தா அப்புறம் பேசுவோம்."

"அப்புறம்னா வெள்ளிக்கிழமைப்பா."

"வெள்ளிக்கிழமை வரட்டும்."

அப்பா எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதில் வல்லவர். சோம்பல் இல்லை. களைப்பில் வருகிற ஒரு திறமை அது.

"தரவுக்கு ரிஜிஸ்டர்ல ஒரு பக்கம் எடுத்துக்கட்டுமாப்பா? மேல பேரு வராது. வெறும் நம்பர்தானே."

அப்பா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "போன மாசத்தது எடு," என்றார். "கம்பெனி பேரை எங்கயும் சொல்லிடாத. எனக்கு வேலை போச்சுன்னா நீ எதைப் படிச்சும் பிரயோஜனம் இல்ல."

பன்னிரண்டாம் தேதி காலையில் அப்பா பேருந்துக்குக் கிளம்பும் முன் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் நடுவில் பேனா செருகியிருந்த இடத்தில் திறந்து, குப்புறப் போட்டு அழுத்தினார். வெளியே வந்த காகிதத்தை அவள் பார்த்தாள். நூற்றிருபது கட்டங்களும் நிறைந்திருந்தன. மடித்துப் பையில் வைத்தாள். யாராக இருந்தாலும் கட்டம் நிறைந்த பக்கத்தைப் பார்த்தால் முடிந்துபோன மாதம் என்றுதான் நினைப்பார்கள். அந்த வீட்டில் அதை வைத்து மாதத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. நிறையாத பக்கம் என்ற ஒன்றையே அவர்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

*

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை, வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் ஆறு பூந்தொட்டிகள். ஐந்தில் காய்ந்த மண். ஆறாவதில் யாரோ குடையைச் செருகி வைத்திருந்தார்கள். பதினான்கு பேரும் கேட்டது சரியான கேள்விதானோ என்று அவளுக்குத் தோன்றியது.

முப்பது இடங்களுக்குப் பதினொரு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். இந்தக் கணக்கில் ஒருவர் தோற்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பையன் கலரில் அச்சடித்த பனிக்கரடியை மடியில் வைத்திருந்தான்.

"உங்க ஏரியாவுல கரடி இருக்கா?" என்றாள்.

"நெட்ல இருந்துச்சு." அவன் அவளுடைய காகிதத்தை எட்டிப் பார்த்தான். "உன்னுது வெறும் நம்பரா? படம் ஒண்ணு போட்டிருக்கலாம்ல."

"படம் போட்டா நம்ப மாட்டாங்க."

உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத்தலைவர், ஓய்வு பெறும் நாளை நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருக்கிற முகம். வலப்பக்கம் இளவயது விரிவுரையாளர் ஒருவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தார். மூலையில் எழுத்தர், டீயோடு.

"ஏன் இந்தப் படிப்பு?" என்றார் துறைத்தலைவர். காலையிலிருந்து ஐந்தாவது முறை கேட்கிறார். கேள்விக்குறி எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

அவள் தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னாள். அதில் இயற்கை இரண்டு முறை, எதிர்காலத் தலைமுறை ஒரு முறை வந்தது. எழுத்தர் டீயை உறிஞ்சினார்.

விரிவுரையாளர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "கழிவுநீர் பிஎச். தினம் நாலு வேளை. பரவாயில்லையே, உருப்படியா ஒருத்தர் கொண்டு வந்திருக்காங்க." விரலால் கீழே போய்க்கொண்டே இருந்தவர் நின்றார். மறுபடி மேலே போய்த் தலைப்பைப் பார்த்தார். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "இன்னைக்கு என்ன தேதிம்மா?"

"பன்னெண்டு மேடம்."

"இருபத்தேழாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, ஏழு புள்ளி மூணு."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. ஆமாம், அந்த இடத்தில் ஏழு புள்ளி மூன்றுதான் எழுதியிருந்தாள், அதில் என்ன என்று தலையாட்டக்கூடச் செய்தாள். அப்புறம்தான், இருபத்தேழு வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்பது உறைத்தது.

"இருபத்திரண்டாம் தேதி மழைன்னு போட்டிருக்கு," என்றார் விரிவுரையாளர்.

"அறிக்கையில சொன்னாங்க மேடம்."

எழுத்தருக்குப் புரையேறியது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். விண்ணப்பத்தில் வீட்டு எண் எழுபத்தேழு. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. ஜெராக்ஸில் அந்த மாதிரி இடுப்பில் கோடு போட்ட ஏழுகள் நூற்றுக்கு மேல் இருந்தன.

"யாரு எழுதினது இது?"

பொய் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், மேசை வேண்டும், பக்கத்தில் அப்பா வேண்டும்.

"நான்தான் மேடம். நாலாம் வகுப்புல இருந்து."



"இப்ப சொல்லு," என்றார் விரிவுரையாளர். "ஏன் இந்தப் படிப்பு?"

"ஒரே ஒரு தடவையாவது நிஜமா எவ்வளவுன்னு பாக்கணும் மேடம்."

"எந்தக் கம்பெனி?"

அவள் மேசையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தாள்.

"மூலத்தோட கொண்டு வரணும்னு கடிதத்துல இருக்கு. மூலம் இல்லாத தரவுக்கு மார்க் இல்ல. இதுக்கு மார்க் இல்லன்னா சீட்டு இல்ல. எந்தக் கம்பெனின்னு சொல்லு."

பதினோரு பேரில் தோற்கும் திறமை தனக்குத்தான் இருக்கிறது என்று சின்னவளுக்கு உறுதியாகிவிட்டது. ஆச்சரியமாக, பயம் போய்விட்டிருந்தது. பகலில் தூங்கி எழுந்த மாதிரி ஒரு அசதிதான் இருந்தது. "எங்கப்பா அங்க வேலை பாக்குறாரு மேடம். சொல்ல மாட்டேன். சீட்டு வேணாம்." எழுந்தாள். "அந்த ஜெராக்ஸை மட்டும் குடுத்துடுங்க."

துறைத்தலைவர் இத்தனை நேரமும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார், திருப்பிக் கொடுக்கத்தான். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கீழே பார்த்த கண் அங்கேயே நின்றுவிட்டது. அவர் முன்னால் வருகைப் பதிவு திறந்திருந்தது. காலையில் வந்ததும் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. சின்னவள் நின்ற இடத்திலிருந்து அது தலைகீழாகத் தெரிந்தது.

ஒரு கொக்கி. இரண்டு வளையம். நீளமாக ஒரு வால்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் கண்ணை எடுப்பது என்பதில் எந்தப் போட்டியும் இல்லை, அவர்தான் எடுத்தார்.

"ரிஜிஸ்டரை மூட்டையா கொண்டு வருவாங்கம்மா," என்றார் மெல்ல. யாரும் எதுவும் கேட்கவில்லை. "எட்டு இடத்துல இருந்து. ஆரம்பத்துல நேர்ல போய்ப் பார்த்தேன். ரெண்டு வருஷம் பார்த்தேன்." நிறுத்தினார். அதற்கு மேல் அந்த வாக்கியம் எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "வெளியில உட்காரு."

பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பனிக்கரடி உள்ளே போய் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தது. "மரம் நடுவியான்னு கேட்டாங்க," என்றான் பையன். "நடுவேன்னேன்." அவள் கணக்கில் பதினைந்து.

அப்புறம் எழுத்தர் வந்து கூப்பிட்டார். அவருடைய மேசை இழுப்பறையில் தேர்வுச் சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. முப்பதிலும் துறைத்தலைவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்தர் மேலே இருந்த ஒன்றை உருவி, அவள் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"அந்த ஜெராக்ஸ்?" என்றாள்.

"எந்த ஜெராக்ஸ்?" என்றார் எழுத்தர். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அரசாங்க வேலைக்கென்றே செய்த முகம்.

பூந்தொட்டிகள் வரைக்கும் வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். விரிவுரையாளர். கண்ணாடி மறுபடி தலைக்கு ஏறியிருந்தது. "அதை எங்க தலைவர் கிழிச்சுட்டார். என் முன்னாலயே," என்றார். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. அவருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுல யாருக்குமே ஒண்ணும் ஆகறதில்ல, அதான் பிரச்சினை." மூச்சு வாங்கினார். "என்னைத் திட்டணும்னா திட்டிக்க. நான் கேட்டது தப்பில்ல."

"நான் சொல்லாததும் தப்பில்ல மேடம்."

"சரி." கையில் வைத்திருந்ததை நீட்டினார். தீக்குச்சி அட்டை போல ஒரு சின்னப் புத்தகம். உள்ளே மஞ்சளாக மெல்லிய காகிதப் பட்டைகள், அட்டையில் வரிசையாக நிறங்கள். "தண்ணியில நனைச்சா நிறம் மாறும். அட்டையில எந்த நிறத்தோட ஒத்துப்போகுதோ அதுதான் நம்பர். உங்க மீட்டர் கதை எனக்குத் தெரியாது. ஆனா எல்லா மீட்டர் கதையும் ஒண்ணுதான். இதுக்குப் பேட்டரி வேணாம்."

*

அப்பாவின் தொழிற்சாலைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். காவலாளி பின்பக்கம் கை காட்டினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நிலையில் இருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மாதத்துப் பக்கத்தை எடுத்துப் போனாள் என்ற இடம் வந்தபோது அப்பா எழுந்துவிட்டார்.

"என் பேரைச் சொன்னியா?"

"இல்லப்பா."

"கம்பெனி பேரு?"

"இல்ல. சீட்டே வேணாம்னு சொல்லிட்டேன்."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். எழுந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. "வேணாம்னு சொன்னியா," என்றார். "அப்புறம் ஏன் கையில சீட்டு வச்சிருக்க?"

"குடுத்துட்டாங்க."

கையெழுத்து யாருடையது என்று சொன்னாள். அப்பா சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் வாய்க்காலைப் பார்த்தார். "நானும் யாரோ ஒருத்தராவது மேல பாக்குறாங்கன்னு நினைச்சேன்," என்றார். "நான் பொய் எழுதினாலும் படிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு."

பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தாள்.

கடைசித் தொட்டியின் குழாயில் பாட்டிலைப் பிடித்தார் அப்பா. பதினோரு வருஷத்தில் எத்தனையோ முறை பிடித்த கை. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. தண்ணீர் இலேசான நீலமாக இருந்தது. சின்னவள் ஒரு பட்டையைக் கிழித்து உள்ளே விட்டு எடுத்தாள். மஞ்சள் பச்சையாகி, பச்சை கருத்து, நீலமாகி நின்றது. அட்டையோடு வைத்துப் பார்த்தாள். தண்ணீருக்கே நீலம் இருக்கும்போது எது பட்டையின் நிறம், எது சாயத்தின் நிறம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"இங்க குடு," என்றார் அப்பா. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பட்டையை ஒரு முறை உதறினார், ஓரத்தைப் பார்த்தார். "ஓரத்துல தெரியுது பாரு, கொஞ்சம் சிவப்பு அடிக்குது. அது சாயம். இந்த வாரத்து நீலத்துல அது வரும். அதைக் கழிச்சுப் பாரு. நடுவுல இருக்கிற நீலம்தான் இதோட நிறம்." அட்டையில் விரல் நகர்ந்து ஒரு கட்டத்தில் நின்றது. "பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. பத்தரை."

"பத்தரையா?"

"காரத்தை இறக்குற ஆசிட் தீர்ந்து நாலு மாசம் ஆச்சு. பின்ன எவ்வளவு இருக்கும்."

ஆக, அதுதான். ஒன்பது வருஷம் தெரிந்துகொள்ள நினைத்த எண். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் ஓடியது. தண்ணீர் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சின்னவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் இருந்தது ஒரே நாற்காலி.

அப்பா ரிஜிஸ்டரைத் திறந்தார். பன்னிரண்டாம் தேதி, மாலை நான்கு மணி: ஏழு புள்ளி இரண்டு. அவள் கையெழுத்து, ஏழுக்கு இடுப்பில் கோடு. அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். அப்பா கொடுக்கவில்லை. வெடித்த விரல்களுக்கு நடுவில் அதைப் பிடித்து, முகம் சுளித்து, ஏழு புள்ளி இரண்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பத்தரை என்று எழுதினார். எண்கள் சாய்ந்து, கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. குறிப்பு என்ற கட்டத்தில் 'ஆசிட் இல்லை' என்று எழுதினார். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததை இருவரும் நினைத்தார்கள், சொல்லவில்லை.

"மேனேஜர் பாத்தா?" என்றாள்.

"அவர் அடியில கையெழுத்து இருக்கான்னுதான் பாப்பாரு. நம்பரை எங்க பாக்கப் போறாரு." பேனாவை மூடாமல் வைத்திருந்தார். "பாத்தாருன்னா ஆசிட்டாவது வரும். இல்லன்னா எனக்கு ஓய்வு வரும். ரெண்டுல எது வந்தாலும் வேணாம்னு சொல்ற தெம்பு இல்ல." புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "எத்தனை இருக்கு இதுல?"

"எண்பதுன்னு போட்டிருக்கு. இப்ப எழுபத்தொன்பது."

"ஒரு நாளைக்கு நாலு. இருபது நாள் வராது." கணக்குப் போட்டு முடித்தார். "தீர்ந்துட்டா?"

"காலேஜ்ல கேக்கலாம்."

"கேட்டு வாங்கு. எடுத்துட்டு வந்துடாத." சட்டைப் பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "அந்த ஃபாரத்தைக் குடு."

கொடுத்தாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

அப்பா அங்கே பார்க்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பினார். பிறந்த தேதி என்ற இடம் காலியாக இருந்தது. "இதை எழுது," என்றார்.

"அதை நான் வீட்டுல போய் எழுதிக்கிறேன்ப்பா. நாலரைக்குப் பஸ்ஸு. நீங்க போட்டுடுங்க."

"எழுது. எல்லாத்தையும் எழுது. எழுதி முடி, அப்புறம் போடுறேன்."

அவள் தொட்டியின் விளிம்பில் படிவத்தை வைத்து, குனிந்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். முடித்ததும் அப்பா வாங்கி, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மூன்று பக்கம். இரண்டாவது பக்கத்தின் நடுவில் இருக்கும்போது நாலரை மணிப் பேருந்து மதிலுக்கு அப்பால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தலை நிமிரவில்லை.